'வீட்டுக்காரர்' என்ற சொல்லைத் திருத்தக் கோரி

அனுப்புநர்:
மிதுலா அரியரத்தினம் (வயது 31)
நிலக்கீழ்த் தளம், 48 அல்டர்வுட் வீதி
ஸ்காபரோ, ஒன்ராறியோ

பெறுநர்:
தலைமை மீளாய்வு அலுவலர்
இயலாமைக் கொடுப்பனவுத் திட்டம்
கிழக்குக் கிளை

பொருள்: என் வீட்டு உரிமையாளரை என் கணவராகப் பதிந்து கொடுப்பனவை நிறுத்தியதை, 2024 ஏப்ரல் 14க்கு முன் திருத்தித் தரக் கோருதல்.

பார்வை: தங்கள் கிளையின் 20.11.2023 திகதிக் கடிதம், 20.12.2023 திகதி மறுப்புக் கடிதம்.

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மா,

1. இம்மனுவைத் தமிழில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதிவிட்டேன். ஆங்கிலம் எனக்கு வரும். ஏழு வயதில் இந்நாட்டுக்கு வந்தவள். பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு தத்துவம் படித்தேன். ஆனால் நடந்த தவறு ஒரு தமிழ்ச் சொல்லுக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியதும் அது மறைந்துபோகிறது. மிஞ்சுவது ஒரு கணவர்.

2. தங்கள் பிரிவில் தமிழ் வாசிப்பவர் இல்லையென்றால் இதை மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள். 'வீட்டுக்காரர்', 'மனுசன்' ஆகிய இரண்டு சொற்களை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

3. எனக்கு இரு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி நாட்களில் டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் ஐந்தாவது ஆண்டாகக் காத்திருக்கிறேன். 2019 முதல் தங்கள் திட்டத்தின் கொடுப்பனவில் வாழ்ந்தேன். மாதம் ஆயிரத்து முந்நூறு டொலர் சொச்சம். அதனுடன் மருந்து அட்டை. அந்த அட்டை இல்லாவிட்டால் மருந்துக்கு மட்டும் மாதம் அறுநூற்று நாற்பது டொலர் வேண்டும்.

4. நான் வாழ்வது திரு. கதிர்காமத்தம்பி அவர்களின் வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில். அவர் மேல்தளத்தில் தனியாக இருக்கிறார். வயது அறுபத்தொன்பது. மனைவி இறந்து ஆறு ஆண்டுகள். அவர் என் வீட்டு உரிமையாளர். எங்கள் பேச்சில், வீட்டுக்காரர்.

5. கடந்த ஆண்டு அக்டோபர் 17ஆம் திகதி, வழமையான சரிபார்ப்பு ஒன்றுக்காகத் தங்கள் விசாரணை அலுவலர் அடுத்த வீட்டில் இருக்கும் திருமதி புவனேஸ்வரி அவர்களைத் தொலைபேசியில் அழைத்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இணைக்கப்பட்டார். எண் 117. தகவல் கோரும் சட்டத்தின்படி அந்த ஒலிப்பதிவின் பிரதியைப் பெற்றிருக்கிறேன். நான்காவது நிமிடத்தில் தொடங்கும் பகுதியைக் கேட்டபடியே கீழே எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்: "அம்மா, அவங்க தனியாவா இருக்காங்க?"
திருமதி புவனேஸ்வரி: "தம்பி இந்தியாவோ? படத்தில கதைக்கிற மாதிரி இருக்கு உங்கட கதை."
மொழிபெயர்ப்பாளர் (சிரிக்கிறார்): "ஆமாம்மா, திருச்சி. சொல்லுங்கம்மா."
திருமதி புவனேஸ்வரி: "பாவம், கிட்னி சுகமில்லாத பிள்ளை. மனுசன் எண்டு அவவுக்கு ஆருமில்லை. வீட்டுக்காரர்தான் எல்லாம் பாக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போறது, சாமான் வாங்கிறது, ஸ்நோ தள்ளுறது, எல்லாம் அவர்தான். மேலதானே இருக்கிறார்."

6. இதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். அறிக்கையில் அது ஏறியது. அதைத் திரும்பத் தமிழாக்கினால் இப்படி வரும்: 'பரிதாபத்துக்குரியவர். அவருக்கென்று வேறு மனிதர் எவரும் இல்லை. கணவரே அனைத்தையும் கவனித்துக்கொள்கிறார். கணவர் அதே வீட்டின் மேல்தளத்தில் வசிக்கிறார்.'

7. திருச்சியில் ஒரு பெண்ணைச் சொல்லி அவளுடைய வீட்டுக்காரர் என்றால் அது கணவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் பேச்சில் வீட்டுக்காரர் என்றால் வீட்டுக்குச் சொந்தக்காரர். கணவரை நாங்கள் மனுசன் என்போம். திருமதி புவனேஸ்வரி சொன்னது இதுதான்: இவளுக்குக் கணவர் இல்லை, வீட்டின் சொந்தக்காரர் உதவுகிறார். என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டிய சொல் வெறும் மனிதராகிவிட்டது. ஒன்றுமில்லாத சொல் கணவராகிவிட்டது. பதினொரு விநாடிகளில்.

8. மொழிபெயர்ப்பாளர் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. ஒலிப்பதிவில் அவர் குரல் இளமையாக இருக்கிறது. அவர் சிரிப்பில் கெடுதல் இல்லை. தன் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ அதைச் சொன்னார். அவருடைய வேலைக்கு இதனால் இடைஞ்சல் வரக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

9. நவம்பர் 20ஆம் திகதிக் கடிதத்தில், நான் துணைவருடன் ஒரே முகவரியில் வாழ்வதை மறைத்ததாகச் சொல்லப்பட்டது. சாட்சியங்கள்: அடுத்த வீட்டில் இருக்கும் திருமதி புவனேஸ்வரியின் கூற்று, இருவருக்கும் ஒரே முகவரி, மருத்துவமனையின் அவசரத் தொடர்புப் படிவத்தில் திரு. கதிர்காமத்தம்பியின் பெயர். அவருடைய ஓய்வூதியமும் வீடும் என் குடும்பச் சொத்தாகக் கணக்கில் எடுக்கப்பட்டன. டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து கொடுப்பனவு இல்லை. மருந்து அட்டை இல்லை. முன்பு பெற்றதையும் திருப்பிச் செலுத்த வேண்டும்.

10. வாடகைப் பற்றுச்சீட்டுகளை அனுப்பினேன். துணைவர் எழுதிக் கொடுக்கும் பற்றுச்சீட்டுக்கு மதிப்பில்லை என்று பதில் வந்தது.

11. திருமதி புவனேஸ்வரியிடம் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். "ஐயோ பிள்ளை, நான் வீட்டுக்காரர் எண்டது வீட்டுக்காரரையெல்லோ!" என்றார். அதையே நான்கு முறை சொன்னார். திருத்திய கூற்று ஒன்றில் கையெழுத்திட்டார். பயனாளியுடன் பேசிய பின் சாட்சி தன் கூற்றை மாற்றியிருப்பதால் அதற்குக் குறைந்த மதிப்பே தர முடியும் என்று மறுப்புக் கடிதம் சொல்கிறது.

12. இப்போது சொல்லவிருப்பதை முந்திய இரண்டு கடிதங்களிலும் நான் எழுதவில்லை. பயம். மறைத்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

13. எனக்கு ஒருவர் இருக்கிறார். பெயர் செந்தூரன் குலவீரசிங்கம். பாடசாலைப் பேருந்து ஓட்டுகிறார். மணமுறிவு பெற்றவர். ஒன்பது வயது மகள் மொன்றியலில் தாயுடன் இருக்கிறாள். அவளுக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார். எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டு நான்கு ஆண்டுகள்.

14. சேர்ந்து வாழ்வது பற்றி ஒருமுறைதான் பேசினோம். டயாலிசிஸ் அட்டவணையின் பின்பக்கத்தில் கணக்குப் பார்த்தோம். தங்கள் விதி எங்களுக்குத் தெரியும்: ஒரே முகவரியில் மூன்று மாதம் வாழ்ந்தால் துணைவர். அதன் பிறகு அவர் சம்பளம் என் வருமானம். அவர் சம்பளத்திலிருந்து மகளின் பணத்தை எடுத்தேன். வாடகையை எடுத்தேன். என் மருந்தை எடுத்தேன். மிச்சத்தில் இரண்டு பேர் ஒரு வாரம் சாப்பிடலாம். அவர் அந்தத் தாளை வாங்கி மடித்து வைத்தார். "சரி விடு. நான் உனக்கு விசிட் விசாவிலயே வந்துபோறன்" என்றார்.

15. அப்படியே நடந்தது. சனி மாலை வருவார். ஞாயிறு பின்னேரம் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "விசா முடியுது, வெளிக்கிடுறன்" என்பார். தன் பிரஷ்ஷைச் சட்டைப் பையில் கொண்டுவந்து சட்டைப் பையிலேயே கொண்டுபோவார். நான்கு ஆண்டுகளில் அவருடைய பொருள் எதுவும் என் அறையில் தங்கியதில்லை. ஒருமுறை மறந்துவிட்டுப் போன குளிர்த்தொப்பியை மறுநாளே பேருந்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். விதியை நான் மீறவில்லை. விதியை மீறாமலிருக்க என்னவெல்லாம் செய்தேன் என்பதற்குச் சாட்சியம் எதுவும் இல்லை. சாட்சியம் இருக்கக் கூடாது என்பதற்காகவே அவ்வளவும் செய்தோம்.

16. மருத்துவமனைப் படிவத்தில் திரு. கதிர்காமத்தம்பியின் பெயரை எழுதிய காரணமும் அதுதான். 'உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. செந்தூரனின் பெயரை எழுதினால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? பேனாவைப் பிடித்தபடி யோசித்தேன். பிறகு, யாரும் எதுவும் நினைக்க முடியாத ஒருவர் என்று வீட்டுக்காரரின் பெயரை எழுதினேன். உறவுக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

17. திரு. கதிர்காமத்தம்பிக்கும் கடிதம் போனது. அவருடைய ஓய்வூதிய விவரங்களைக் கேட்டு. அவருக்கு வரும் எந்தக் கடிதத்தையும் மனைவியின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் உடைப்பார். மின்சாரத்துக்கு வரும் ஹைட்ரோ பில்லைக்கூட. இதை ஆங்கிலம் தெரிந்த மருமகளிடம் கொடுத்து வாசிப்பித்திருக்கிறார். அன்று படிக்கட்டின் மேல்படியில் நின்றபடி என்னைக் கூப்பிட்டார். கீழே இறங்கவில்லை.

"பிள்ளை, உன்னில பிழையில்லை. எனக்குத் தெரியும். ஆனா இந்தக் கடிதத்தை நான் அவவின்ர படத்துக்கு முன்னால வச்சிட்டனே. வாசிக்க முதலே வச்சிட்டனே."

அதன் பிறகு, "நான் உன்னைக் காரில ஏத்தினா அதையும் எழுதுவாங்கள் பிள்ளை. கோவிக்காத" என்றார்.

18. திருமதி புவனேஸ்வரி தன் தவறுக்கு வருந்தி எல்லோரிடமும் சொல்லியிருந்தார். கேட்டவர்கள் எல்லோரிடமும் சொன்னார்கள். தமிழ்க் கடையில் மீன் வெட்டுபவர் திரு. கதிர்காமத்தம்பியைப் பார்த்து, "என்னண்ணை, புதுமாப்பிளை! விளைமீன் ரெண்டு பேருக்கோ?" என்று கேட்டாராம். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்களாம். அவர் மீனை வாங்காமல் வந்துவிட்டார். இப்போது வேறு கடைக்குப் போகிறார். காரில் அரை மணி நேரம் ஓட்டி.

19. டிசம்பரில் பனி கொட்டியது. அவர் வழக்கம்போல் தள்ளினார். முன் வாசல், கார் நிற்கும் இடம், நடைபாதை. என்னுடைய பக்கக் கதவுக்கு இறங்கும் ஆறு படிகளை மட்டும் விட்டுவிட்டார். என் மேல் கோபத்தில் செய்யவில்லை. அந்தப் படிகளில் அவர் பனி தள்ளியதும் தங்கள் அறிக்கையில் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். படிகளின் மேல் வந்து மண்வாரியுடன் நின்றார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பிப் போனார்.

20. மருந்தைப் பாதிப் பாதியாக எடுத்தேன். கையில் இருந்ததை மார்ச் வரை நீட்ட முடியும் என்று நினைத்தேன். எலும்புக்கான மாத்திரையை முழுவதும் விட்டேன். விலை கூடியது அதுதான்.

21. ஜனவரி 9, செவ்வாய்க்கிழமை. டயாலிசிஸுக்குப் போக ஏறும்போது நான்காவது படியில் வழுக்கினேன். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. தகடு வைத்திருக்கிறார்கள். இடது கையில் டயாலிசிஸ் ஊசி போடும் நரம்பு இருப்பதால் அதில் பாரம் தூக்கக் கூடாது. அதாவது எனக்குக் கைகள் இல்லாமல் போயின. திரு. கதிர்காமத்தம்பி மருத்துவமனைக்கு வந்தார். வார்டு வாசலில் 'நோயாளிக்கு நீங்கள் யார்' என்று தாதி கேட்டிருக்கிறார். வந்த வழியே திரும்பிவிட்டார். பிறகு தாதி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

22. ஜனவரி 14, ஞாயிற்றுக்கிழமை. செந்தூரன் இரண்டு பைகளுடனும் ஒரு ரைஸ் குக்கருடனும் வந்தார். தன் வாடகை அறையைக் காலி செய்துவிட்டார். "விசாவும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். வந்திட்டன்" என்றார். எனக்குத் தலை வாரிவிட்டார். சரியாக வாரவில்லை. அன்று அவருடைய பிரஷ் என் கோப்பையில் நின்றது. சாட்சியம் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் வேறு ஏதாவது நினைக்கத் தோன்றியிருக்கக் கூடாதா என்று பிறகு யோசித்தேன்.

23. அவர் அன்று முதல் இங்கே இருக்கிறார். வாடகையையும் மருந்தையும் அவர்தான் பார்க்கிறார். மகளுக்கு இரண்டு மாதமாகப் பணம் அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவளுடன் பேசும்போது வெளியே நிறுத்தியிருக்கும் தன் பாடசாலைப் பேருந்துக்குள் போய் இருந்துகொண்டு பேசுகிறார்.

24. இதையும் மறைக்கக் கூடாது என்று பெப்ரவரி 2ஆம் திகதி என் கோப்பு அலுவலரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவர் கொஞ்சம் தடுமாறினார். கணினியில் ஒரு துணைவருக்கு மட்டுமே இடம் உண்டு என்றார். முதலாமவரை நீக்கினால்தான் மற்றவரைப் பதியலாம். முதலாமவரை நீக்க, மறுப்புக்குப் பின் நான் கேட்டிருந்த மீளாய்வு முடிய வேண்டும். மீளாய்வு எப்போது முடியும் என்று கேட்டேன். ஏப்ரல் நடுப்பகுதி தாண்டினால் மீளாய்வே தேவைப்படாது என்று சொன்னார். "எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு ஒரு துணைவர் இருப்பார் அல்லவா, விளைவு ஒன்றுதான்." குரல் அன்பாகவே இருந்தது. எனக்கு உதவுவதாக நினைத்துச் சொன்னார் என்றே நம்புகிறேன்.

25. ஜனவரி 14இலிருந்து மூன்று மாதம், வரும் ஏப்ரல் 14. ஞாயிற்றுக்கிழமை. அன்று சித்திரை வருடப்பிறப்பு.

26. அந்த நாளுக்குப் பிறகு தங்கள் விதியின்படி செந்தூரன் என் துணைவர். அப்போது என் கொடுப்பனவு சரியான காரணத்துக்காகவே நிறுத்தப்படும். எதிர்த்து எழுத என்னிடம் ஒரு சொல்லும் இருக்காது. ஒரு பொய்யான கணவரால் நான் விழுந்தேன். விழுந்ததால் உண்மையானவர் வந்தார். வந்ததால் பொய் தேவையில்லாமல் போகிறது. தங்கள் கிளை எழுதிய தவறை நாங்கள் இருவரும் எங்கள் உடம்பால் சரியாக்கிக்கொண்டிருக்கிறோம்.

27. அவர் இப்போதே போய்விடலாமே என்று கேட்கப்படலாம். கொடுப்பனவு திரும்பி வரும்வரை முடியாது. வேறு இடத்துக்கு வாடகை கொடுத்துக்கொண்டு என் வாடகையையும் மருந்தையும் அவரால் கொடுக்க முடியாது. அவர் போனால் எனக்கு மருந்து இல்லை. இருந்தால் ஏப்ரல் 14க்குப் பிறகு கொடுப்பனவு இல்லை. அந்தச் சம்பளத்தில் அவர் மகளுக்கு எதுவும் இல்லை. டயாலிசிஸ் கதிரையில் நான்கு மணி நேரம் இதைத்தான் யோசிக்கிறேன். மூன்றாவது வழி ஒன்று இருந்தால் தங்கள் கிளைக்குத் தெரிந்திருக்கும்.

28. ஆகவே நான் பணிவுடன் கேட்பவை:

அ) ஒலிப்பதிவின் நான்காவது நிமிடத்தில் அந்தப் பதினொரு விநாடிகளை, யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழ் அறிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேட்க வேண்டும்.

ஆ) திரு. கதிர்காமத்தம்பியின் பெயரை என் கோப்பிலிருந்து நீக்க வேண்டும். அது தவறாக எழுதப்பட்டது என்று அவருக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். தமிழில் அனுப்பினால் நல்லது. அதையும் அவர் மனைவியின் படத்துக்கு முன்னால் வைப்பார். அவரே வாசித்துக்காட்டக் கூடியதாக இருக்கட்டும்.

இ) கொடுப்பனவையும் மருந்து அட்டையையும் டிசம்பரிலிருந்து மீளத் தர வேண்டும். திருப்பிச் செலுத்தும் கட்டளையை நீக்க வேண்டும்.

ஈ) இவையெல்லாம் ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடுவதற்கு முன் முடிய வேண்டும்.

29. அப்படி முடிந்தால், என் பக்கத்திலிருந்து நான் தரக்கூடிய உறுதி ஒன்று உண்டு. சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்ததும் செந்தூரனின் இரண்டு பைகளையும் கட்டிக் கொடுப்பேன். பேனா இன்னும் பிடிக்க வராவிட்டாலும் கை இப்போது அந்த அளவுக்கு வேலை செய்கிறது. அவருடைய நண்பர் ஒருவர் வீட்டில் படுக்க ஒரு சோபா இருக்கிறது. தங்கள் அலுவலர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம். குளியலறையில் ஒரு பிரஷ்தான் இருக்கும்.

பொய்யான கணவரை என் கோப்பிலிருந்து நீங்கள் எடுத்துவிடுங்கள். உண்மையானவரை நான் என் வீட்டிலிருந்து அனுப்பிவிடுகிறேன்.

30. இம்மனுவைத் தட்டச்சு செய்து தந்தவர் செந்தூரன். மேலே உள்ள பத்தியைத் தட்டச்சு செய்து முடித்ததும், எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை வாசித்தார். இல்லை என்றார். வெள்ளிக்கிழமை ஐந்து மணிவரை தொலைபேசியைப் பக்கத்தில் வைத்திருப்போம்.

இணைப்பு: ஒலிப்பதிவின் பிரதி, திருமதி புவனேஸ்வரியின் கூற்று, மருத்துவ அறிக்கை, வாடகைப் பற்றுச்சீட்டுகள் 52.

இங்ஙனம்,
தங்கள் முடிவை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம், வலது கை முறிவினால் இடது கையால் இடப்பட்டது)
மிதுலா அரியரத்தினம்

இடம்: ஸ்காபரோ
திகதி: 08.04.2024